சட்டையில் டி.டி.எஃப் ஸ்டிக்கர் ஒட்டுவது எப்படி: 40 பீஸ் வீணான பிறகு எழுதுகிறேன்

"அண்ணா, ஒரே துவையல்தான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் கட்டைப்பையை மேசை மேல் கவிழ்த்தான். எல்லாம் நான் டி.டி.எஃப் ஸ்டிக்கர், அதாவது ஃபிலிமில் அச்சாகி வரும் படத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவது, அடித்துக் கொடுத்த கறுப்புச் சட்டைகள். நெஞ்சில் 'இயற்பியல் துறை' என்று இருந்தது இப்போது 'இயறபியல துறை' ஆகியிருந்தது. இரண்டு புள்ளிகளும் துவைத்த தண்ணீரோடு போய்விட்டன. மீதி எழுத்துகளின் ஓரம் அப்பளம் போலச் சுருண்டிருந்தது. 40 சட்டை, தலா 280 ரூபாய். 11,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

மெஷின் விற்றவர் சொன்னதைக் கேட்டேன், நாலு வீடியோ பார்த்தேன், அடித்தேன். அடித்த அன்று எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. இந்தத் தொழிலின் பொல்லாத குணம் அதுதான்: தப்பாக ஒட்டியதும் சரியாக ஒட்டியதும் முதல் நாளில் ஒரே மாதிரி தெரியும். அதற்குப் பிறகு ஈரோட்டுக்கும் திருப்பூருக்குமாக ஆறு மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். விலைகள் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் பத்து, இருபது முன்னே பின்னே இருக்கும்.

1. எந்த வகை ஸ்டிக்கர் என்று முடிவு செய்யுங்கள்

சூடு வைத்து ஒட்டுவது என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை.

சப்ளிமேஷன்: மை ஆவியாகி பாலியஸ்டர் நூலுக்குள் போய்விடும். தொட்டால் பிரிண்ட் இருப்பதே தெரியாது, உரியவும் உரியாது. ஆனால் பாலியஸ்டரில் மட்டும்தான் நிற்கும், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில். காட்டன் சட்டையில் அடித்தால் ஒரு துவையலில் பழைய செய்தித்தாள் மாதிரி மங்கிவிடும்.

வினைல்: ஒற்றை நிறத் தாளை மெஷினில் வெட்டி, வேண்டாததை ஊசியால் பிடுங்கிவிட்டு ஒட்டுவது. ஜெர்சியில் பெயரும் எண்ணும் போட அருமையானது. பல நிறப் படம் என்றால் பிடுங்கிப் பிடுங்கியே பொழுது போய்விடும்.

இங்க்ஜெட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்: வீட்டுப் பிரிண்டரில் அடித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது. பிறந்தநாளுக்கு ஒரு சட்டை என்றால் சரி. காசு வாங்கிக்கொண்டு செய்யாதீர்கள்.

டி.டி.எஃப்: பிளாஸ்டிக் ஃபிலிமில் நிற மையும் அதன் மேல் வெள்ளை மையும் அடித்து, பசைப் பொடி தூவி, சூட்டில் உருக்கித் தருவார்கள். நாம் வாங்கி வந்து சட்டையில் அழுத்துவதுதான் வேலை. காட்டன், பாலியஸ்டர், கலப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாவற்றிலும் ஒட்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மீதிக் கட்டுரையும் இதைப் பற்றித்தான்.

ஒரு எச்சரிக்கை. டி.டி.எஃப் பிரிண்டரையே வாங்கிவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். லட்சங்களில் விலை. அதைவிட, வெள்ளை மை அடியில் படிகிற குணம் உள்ளது; நாலு நாள் ஓட்டாமல் வைத்தால் மை பீய்ச்சும் ஹெட் அடைத்துக்கொள்ளும். தினமும் ஓடுகிற அளவுக்கு ஆர்டர் வரும்வரை ஃபிலிமை வெளியில் வாங்குங்கள்.

2. மெஷின், அதைவிட முக்கியமாக பிளக்

15க்கு 15 அங்குலத் தட்டு உள்ள ஹீட் பிரஸ் (சூட்டோடு அழுத்தும் மெஷின்) போதும். நான் 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். வாய் திறப்பது போல மேலே தூக்கும் வகைக்கு இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் தடித்த ஹூடி வைத்தால் கீல் பக்கம் இறுக்கமாகவும் முன்பக்கம் தளர்வாகவும் அழுத்தும். பக்கவாட்டில் திரும்பும் வகையில் தட்டு நேராக இறங்கும். அதற்கு மேசையில் பக்கத்து இடம் காலியாக வேண்டும். டீ ஷர்ட் மட்டும் என்றால் முதல் வகையே போதும்.

இந்த மெஷின் 1,400 முதல் 1,800 வாட் வரை இழுக்கும். 1,800 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். டி.வி. மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, நான் ஓட்டினேன். ஒயர் சூடாகி வாசம் வந்தது. சட்டை வைத்து அழுத்தியதும் இறங்கின சூடு மறுபடி ஏறவேயில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக இழுங்கள். எனக்கு 900 ரூபாய் ஆனது. கோடையில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெரு என்றால் காலையில் அடிப்பதே நல்லது. வீட்டு மீட்டரில் தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால், உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எந்தக் கட்டணப் பிரிவு வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மெஷின் வந்த அன்றே இரண்டு சோதனை.

ஒன்று, சூடு. திரையில் 155 என்று காட்டுவது தட்டில் சென்சார் இருக்கும் ஒரே இடத்துச் சூடு. மூலையில் பத்து டிகிரி குறைவாக இருக்கலாம். ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் கிடைக்கும். பளபளப்பான வெற்று உலோகத்தில் அது பொய் சொல்லும். டெஃப்ளான் பூசிய தட்டில் அல்லது டெஃப்ளான் ஷீட் ஒட்டிய பிறகு நடுவிலும் நான்கு மூலையிலும் பாருங்கள். என் மெஷினில் முன்பக்க இடது மூலை சோம்பேறி. அதனால் டிசைனை எப்போதும் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் வைக்கிறேன்.

இரண்டு, அழுத்தம். மெஷினை ஆன் செய்யாமல், தட்டின் நான்கு மூலையிலும் ஒரு காகிதத் துண்டு பாதி வெளியே தெரிய வைத்து மூடுங்கள். ஒவ்வொன்றாக இழுங்கள். நான்கும் ஒரே மாதிரி இறுக்கமாக நிற்க வேண்டும். ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் ஒட்டாது. விற்ற கடைக்காரரிடம் அப்போதே சரி செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் போனால், "அடித்து அடித்து வளைந்திருக்கும்" என்பார்கள்.

3. சட்டை வாங்குவது

திருப்பூர் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காதர்பேட்டை வசதி. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பத்துப் பீஸும் வாங்கலாம், ஆயிரமும் வாங்கலாம். ஆனால் முதல் தடவை போகும்போது மலிவைப் பார்த்து மயங்காதீர்கள். செகண்ட்ஸ் என்ற குவியலில் சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல் எல்லாம் கலந்து கிடக்கும். ஸ்டிக்கர் போட்டு மறைத்துவிடலாம் என்று நான் 30 வாங்கினேன். ஓட்டை என்னவோ எப்போதும் ஸ்டிக்கர் இல்லாத இடத்தில்தான் இருந்தது.

கேட்க வேண்டிய நாலு விஷயம்:

எத்தனை ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்)? 180 இருந்தால் நல்லது. 140, 150 என்றால் துணி மெலிசு. ஸ்டிக்கர் துணியை விடக் கனமாகி நெஞ்சில் தொங்கும்.

பயோவாஷ் (துணியின் மேல் பிசிறை நொதி போட்டு நீக்குவது) செய்ததா? முன்கூட்டியே சுருங்க வைத்துவிட்டார்களா? அப்படிச் சுருங்க வைக்காத காட்டன், வீட்டுத் துவையலில் சுருங்கும். ஸ்டிக்கர் சுருங்காது. விளைவு, டிசைன் இருக்கும் இடம் மட்டும் உப்பி நிற்கும். வாடிக்கையாளர் உங்களைத்தான் திட்டுவார்.

கடைசியில் சிலிக்கோன் சாஃப்ட்னர் போட்டார்களா? தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்குகிற சட்டையில் பசை பிடிக்க மறுக்கும். கடையில் ஒரு பீஸ் வாங்கி வந்து அடித்துப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள்.

நூறு சதவீதம் காட்டனா? "ஆமாங்க" என்பார்கள். அடி மடிப்பில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். கலப்பாக இருந்தால் ஒட்டக் கூடாது என்றில்லை. சூட்டைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் பெரிய குழி ஒன்று உண்டு. அடர் சிவப்பு, மெரூன் நிறப் பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து போட்டால், சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி வெள்ளைக்குள் ஏறும். அடித்தபோது வெள்ளை, மறுநாள் ரோஸ். இந்த மாதிரி ஆர்டர் வந்தால் ஃபிலிம் கடையில் "பாலியஸ்டருக்கு, சாயம் ஏறாத வகை" என்று சொல்லிக் கேளுங்கள். 130 டிகிரிக்குப் பக்கத்தில் அடியுங்கள். கேட்டது கிடைக்கவில்லையென்றால் ஆர்டரை விட்டுவிடுங்கள். நான் விடுகிறேன்.

4. டிசைன் ஃபைல்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

பின்னணி இல்லாத பி.என்.ஜி ஃபைல், அடிக்கப் போகும் நிஜ அளவில், 300 டி.பி.ஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி). வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை வாங்காதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுப்பவர்கள் பாதிப் பேர் ஸ்க்ரீன்ஷாட்தான் அனுப்புவார்கள். மறுபடி வரைய 150 ரூபாய் தனியாகக் கேட்கப் பழகுங்கள்.

நிழல், ஒளிவட்டம், மெல்ல மறையும் ஓரம் எல்லாம் திரையில் அழகு. ஃபிலிமில் அதற்கு அடியில் வெள்ளை மை போட்டாக வேண்டும். கறுப்புச் சட்டையில் அது சாம்பல் பூத்த அழுக்காகத் தெரியும். ஓரங்களை வெட்டினாற்போல வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டமாக நிரப்பிய டிசைனும் வேண்டாம். நம்மூர் ஏப்ரல் வெயிலில் அது நெஞ்சில் பிளாஸ்டிக் பலகையைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. கறுப்புச் சட்டையில் கறுப்புப் பின்னணி கொண்ட படம் என்றால், படத்திலிருந்து கறுப்பை முழுக்க நீக்கிவிட்டு அனுப்புங்கள். சட்டையின் கறுப்பே பின்னணியாகிவிடும். மையும் மிச்சம், காற்றும் போகும்.

இனித் தமிழ் எழுத்து. இதைப் பற்றி எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

ஸ்டிக்கரில் எவ்வளவு சின்னத் துண்டோ அவ்வளவு சீக்கிரம் உரியும். ஆங்கில எழுத்தில் தனியாக நிற்கும் துண்டு என்றால் சின்ன எழுத்து ஐயின் தலைப்புள்ளி, ஜேயின் தலைப்புள்ளி, அவ்வளவுதான். தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தலையில் ஒரு புள்ளி தனியாக நிற்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் எதுவும் இல்லை. புள்ளி போனால் வார்த்தையே போச்சு. 'அம்மா' 'அமமா' ஆகிவிடும். எனவே நான் வைத்திருக்கும் விதி: புள்ளியின் விட்டம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தக் கோடும் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சின்ன எழுத்தில் அது வராது என்றால் எழுத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு போட்டு, புள்ளியையும் எழுத்தையும் அந்த விளிம்பாலேயே இணைத்துவிடுங்கள். ஃபாண்ட் தேர்ந்தெடுக்கும்போது மெலிந்த, நளினமான வகைகளைத் தள்ளிவிட்டுத் தடித்ததை எடுங்கள்.

அடுத்தது, ஃபைலை ஒருபோதும் ஃபாண்டோடு அனுப்பாதீர்கள். பிரிண்டிங் கடையில் உங்கள் ஃபாண்ட் இருக்காது. அல்லது அவர்கள் மென்பொருளில் தமிழ் சேராது. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவில் ஒரு புள்ளி வட்டம் என்று வரும். கடையில் இருப்பவர் அவசரத்தில் அதைப் பார்க்கவும் மாட்டார். கோரல்டிரா மென்பொருளில் செய்தால் எழுத்தைக் கர்வ்ஸ் (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள். மற்றதில் செய்தால் பி.என்.ஜி ஆக்கி அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அதை ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்பி, "எழுத்துப்பிழை இல்லை, அடிக்கலாம்" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் "ஓகே ணா" என்றது கணக்கில் வராது.

5. ஃபிலிம் வாங்குவது

மீட்டர் கணக்கில் விற்பார்கள். நான் வாங்கும் கடையில் அச்சு விழும் அகலம் 58 சென்டிமீட்டர், மீட்டர் 300 ரூபாய். நெஞ்சுக்கான டிசைன் 28க்கு 33 சென்டிமீட்டர் என்று வையுங்கள். குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று, மீட்டருக்கு ஆறு. ஒன்று 50 ரூபாய். இதையே 30 சென்டிமீட்டர் அகலமாக வரைந்திருந்தால் குறுக்கே ஒன்றுதான் வரும், விலை இரட்டிப்பு. ஆகவே அகலத்தைக் கேட்டுவிட்டு டிசைன் அளவை முடிவு செய்யுங்கள். ஓரத்திலும் இடுக்கிலும் மிஞ்சும் இடத்தில் சின்ன லோகோ, உங்கள் கடைப் பெயர் எதையாவது நிரப்பிவிடுங்கள். எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து கூடுதலாக அடித்து வாங்குங்கள்.

கடையில் கேட்க வேண்டியது: ஹாட் பீலா, கோல்டு பீலா? அதாவது ஃபிலிமைச் சூட்டோடு உரிக்க வேண்டுமா, ஆறிய பிறகா? என் 40 சட்டை நாசமானதற்கு ஒரு காரணம் இது. கோல்டு பீல் ஃபிலிமை நான் சூட்டோடு உரித்தேன். பசை இன்னும் களிபோல இருக்கும்போதே இழுத்துவிட்டேன். கேட்ட பதிலை ரோல் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். எத்தனை டிகிரி, எத்தனை நொடி என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். பொடிக்குப் பொடி மாறும்.

வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிசைனைச் சுற்றி வெறும் ஃபிலிமில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தால் அதுவும் சட்டையில் ஒட்டும். கறுப்பில் பொடுகு மாதிரி தெரியும். மெல்லிய பிரஷால் தட்டினால் போகிறதா பாருங்கள், போகாவிட்டால் வாங்காதீர்கள். பின்பக்கம் தடவினால் சர்க்கரை மாதிரி நறநறவென்று உதிர்ந்தால் பொடி சரியாக உருகவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. வீட்டில் காற்றுப் புகாத கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருங்கள். ஐப்பசி மழையில் இரண்டு வாரம் திறந்து வைத்த ரோலை நான் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

6. அடிப்பது

மெஷினை ஆன் செய்து, திரையில் எண் வந்ததும் ஆரம்பிக்காதீர்கள். தட்டு முழுக்கச் சூடேற இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

சட்டையை மாட்டி, நூல், தூசு, முடி இருக்கிறதா என்று ஒட்டும் ரோலரால் ஒரு இழுப்பு. பிறகு வெறும் சட்டையை 4, 5 நொடி அழுத்தி எடுங்கள். தூக்கும்போது ஆவி பறப்பதைப் பார்ப்பீர்கள். துணி உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அதற்குள் ஈரம் இருக்கும். அந்த ஆவி பசைக்கும் துணிக்கும் நடுவே புகுந்தால் ஒட்டு கெடும். மழைக்காலத்தில் இதை இரண்டு முறை செய்கிறேன்.

நடுக்கோடு பிடிக்க, சட்டையை நீளவாக்கில் சரிபாதியாக மடித்து ஒரு நொடி அழுத்தினால் மடிப்புக் கோடு விழும். டிசைனின் நடுவை அதில் வையுங்கள். கழுத்துத் தையலிலிருந்து டிசைனின் தலை வரை பெரியவர்களுக்கு 7 முதல் 8 சென்டிமீட்டர். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் கீழே இறக்கி, தொப்பை மேல் அடித்துவிடுவார்கள். எஸ் அளவுக்கும் டபுள் எக்ஸ்.எல் அளவுக்கும் ஒரே டிசைன் பொருந்தாது. நான் சின்ன அளவுகளுக்கு 24, பெரியவற்றுக்கு 28 சென்டிமீட்டர் அகலம் என்று இரண்டாகப் பிரித்து வாங்குகிறேன்.

பட்டன், ஜிப், பாக்கெட் தையல் எதுவும் டிசைன் இருக்கும் தட்டுப் பகுதியில் வரக் கூடாது. அந்த மேடு தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் அழுத்தமே விழாது. காலர் சட்டை என்றால் பட்டன் பட்டியைத் தட்டுக்கு வெளியே தொங்கவிடுங்கள். முடியாவிட்டால் பருத்தித் துணியைத் தடிமனாக மடித்துச் சட்டைக்குள் வைத்து, அதன் மேல் டிசைன் பகுதி மேடாக வரும்படி செய்யுங்கள்.

ஃபிலிமை, மை உள்ள பக்கம் துணியில் படும்படி வையுங்கள். காட்டனுக்கு என் அளவு 155 டிகிரி, 12 நொடி, கைப்பிடியை மூடும்போது கொஞ்சம் பலம் கொடுத்தால்தான் மூட வேண்டும் என்கிற அளவு அழுத்தம். ஒரே விரலால் மூட முடிந்தால் அழுத்தம் போதாது. ஆளே தொங்க வேண்டியிருந்தால் அதிகம். பசை ஓரத்தில் பிதுங்கும். சரியாக ஒட்டவில்லை என்றால் புதியவர்கள் சூட்டைத்தான் ஏற்றுவார்கள். பத்தில் எட்டுத் தடவை குறை அழுத்தத்தில்தான் இருக்கும். சூட்டை 180க்கு ஏற்றினால் வெள்ளைக் காட்டன் பழுப்பாகலாம், பாலியஸ்டரில் சதுரமாகப் பளபளப்புத் தழும்பு விழலாம்.

கோல்டு பீல் என்றால் எடுத்து மேசையில் சமமாக விரித்து, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்வரை விடுங்கள். ஒரு நிமிடம் ஆகும். அவசரம் என்றால் மடித்த ஈரமில்லாத துணியால் மேலே தேய்த்தால் சூடு இறங்கும். ஃபிலிமை மேல்நோக்கி இழுக்காமல், சட்டையை ஒட்டியபடியே படுக்கையாக, நிதானமாக உரியுங்கள். ஏதாவது ஒரு ஓரம் ஃபிலிமோடு எழுந்தால் அங்கேயே நிறுத்தி, திரும்ப மூடி, இன்னொரு முறை அழுத்துங்கள். இழுத்துவிட்டால் அந்தப் பீஸ் முடிந்தது.

இப்போது பலர் விட்டுவிடும் படி: இரண்டாவது அழுத்தல். உரித்த பிறகு டிசைன் மேல் சமையலறை பட்டர் பேப்பர் விரித்து 8 நொடி. பசை நூலுக்குள் முழுதாக இறங்குவது இதில்தான். பிளாஸ்டிக் மினுமினுப்பும் குறையும். வீடியோவில் ஒருவர், "வேணும்னா பண்ணிக்கலாம்" என்றார். நானும் வேண்டாம் என்று விட்டேன். 40 பீஸ்.

முடிந்ததும் டிசைனை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். துணியோடு சேர்ந்து நீண்டு, விட்டதும் திரும்ப வேண்டும். விரிசல் விட்டால், அல்லது துணியின் இழைக்கோடு டிசைனில் கொஞ்சமும் தெரியாமல் மேலே மிதப்பது போல இருந்தால், மறுபடி அழுத்துங்கள்.

7. துவைத்துப் பார்க்காமல் ஆர்டர் அடிக்காதீர்கள்

ஃபிலிமோ சட்டையோ புது ரோல், புது லாட் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பீஸ் அடித்து, 24 மணி நேரம் சும்மா வைத்து, பிறகு துவையுங்கள். ஒரு தடவை போதாது. மூன்று. அதுவும் நீங்கள் சொல்லப் போகும் பக்குவத்தில் இல்லை, வாடிக்கையாளர் வீட்டில் நடக்கிறபடி: சோப்புத்தூள் கொட்டி ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு. எங்கள் வீட்டில் அம்மா துவைக்கிற கல்லுக்கு ஒரு பீஸைக் கொடுத்துவிடுவேன். அம்மா கையில் தப்பித்தது எங்கும் தப்பிக்கும்.

சட்டையோடு கொடுக்கும் சீட்டில் நான் அச்சடித்திருப்பது நாலே வரி: முதல் துவையலுக்கு ஒரு நாள் பொறுங்கள். உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள். பிரஷ் போடாதீர்கள். ஸ்டிக்கர் மேல் நேராக இஸ்திரி வைக்காதீர்கள். சீட்டுக்கு 40 பைசா ஆகிறது; பேச்சு பாதியாகக் குறைகிறது.

8. விலையும் நாட்களும்

ஒரு சட்டைக்கு என் இன்றைய கணக்கு: சட்டை 165, ஃபிலிம் 50, கவரும் சீட்டும் 5, போக்குவரத்துப் பங்கு 10, வீணாவதற்கு 11. மொத்தம் 241 ரூபாய். கரண்ட் பெரிதில்லை, மணிக்கு இரண்டு யூனிட்டுக்குள்தான், அதற்குள் 20 பீஸ் முடிந்துவிடும். அப்படிப் பார்த்தால் முதல் ஆர்டரில் வாங்கிய 280 ரூபாயில் எனக்கு நின்றிருக்கக்கூடியது 39. என் கூலி, மெஷின் தேய்மானம், டிசைன் வேலை எல்லாம் அதற்குள். 40 சட்டைக்கு 1,560 ரூபாய் லாபம் பார்க்கப் போய் 11,200ஐ இழந்தேன். இப்போது 50 பீஸுக்குக் கீழ் 350க்குக் குறைந்து செய்வதில்லை. பாதிப் பணம் முன்பணம். அது கைக்கு வந்த பிறகுதான் திருப்பூர் ரயில்.

50 சட்டை ஆர்டருக்கு நாட்கள்: டிசைன் ஒப்புதலுக்கு 2, சட்டையும் ஃபிலிமும் வர 2, சோதனைப் பீஸ் அடித்து ஆறவிட்டு மூன்று தடவை துவைத்துக் காய 3, அடிக்க ஒரு நாள், ஆறி மடிக்க ஒரு நாள். ஒன்பது நாள். வாடிக்கையாளரிடம் 12 என்று சொல்லுங்கள். "நாளன்னிக்கு ஃபங்ஷன்" என்று வருகிறவர்களுக்கு வேறு கடையைக் காட்டுங்கள்.

9. காகித வேலை

உத்யம் பதிவு (சிறு தொழில் என்று மத்திய அரசிடம் பதிவது): ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் போதும். கட்டணம் கிடையாது. தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தளங்கள் முதலில் வந்து நின்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அரை மணி நேர வேலை. வங்கியில் கடை பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க இந்தச் சான்றிதழ் உதவும்.

ஜி.எஸ்.டி: தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஒரே ஒரு சட்டையைப் பெங்களூருக்கு விற்றாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுப்பவர்கள் இதில்தான் தெரியாமல் மாட்டுகிறார்கள். ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்க நினைத்தாலும் பெரும்பாலும் ஜி.எஸ்.டி எண் கேட்பார்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார், போட்டோ, இடத்துக்கான ஆதாரம் வேண்டும்: சொந்த வீடென்றால் சொத்துவரி ரசீது அல்லது கரண்ட் பில், வாடகை என்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும். கரண்ட் பில்லில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். என் விண்ணப்பம் அதற்காகவே ஒரு முறை திரும்பி வந்தது. எண் வாங்கிய பிறகு விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம். எண் இல்லாதவர் பில் கொடுக்கலாம், ஆனால் அதில் ஜி.எஸ்.டி என்று ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. நம் சரக்கு எல்லாம் ஐந்துக்குள்தான் வரும்.

படத்தின் உரிமை: நடிகர் படம், சினிமா ஸ்டில், கிரிக்கெட் அணி லோகோ, கார்ட்டூன் எல்லாம் யாரோ ஒருவருடைய சொத்து. "எல்லாரும்தான் அடிக்கிறாங்க" என்பது உண்மை. நோட்டீஸ் வரும்போது எல்லாரும் கூட வர மாட்டார்கள். கல்லூரி, கம்பெனி லோகோ என்றால் அந்த நிறுவனத்தின் லெட்டர்பேடிலோ அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலோ ஒரு வரி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாக இறக்கும் தமிழ் ஃபாண்டுகளிலும் சில சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கூடவே வரும் உரிமக் குறிப்பைத் திறந்து படியுங்கள்.

10. பிசகிய பீஸை என்ன செய்வது

ஸ்டிக்கரைக் கரைத்து எடுக்கும் திரவம் விற்கிறார்கள். அரை மணி நேரம் தேய்த்து, நாற்றம் பிடித்து, கடைசியில் துணியில் ஒரு நிழல் மிஞ்சும். 165 ரூபாய் சட்டைக்கு அது கட்டாது. தவறு சின்னதாக இருந்தால் அதன் மேலேயே கொஞ்சம் பெரிய டிசைன் அடித்து மறைக்கலாம், கனமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மலிவாகக் கொடுக்கலாம். பாலியஸ்டரில் விழுந்த சதுரத் தழும்புக்குத் தண்ணீர் தெளித்து ஆவி காட்டினால் பெரும்பாலும் போகும். வெள்ளைக் காட்டன் பழுப்பானது எளிதில் போகாது.

அந்த 40 கறுப்புச் சட்டையில் மூன்று இன்னும் மெஷின் பக்கத்தில் தொங்குகின்றன. புது ரோல் வரும்போது முதல் துண்டை அவற்றின் முதுகில்தான் அடித்துப் பார்க்கிறேன். ஒன்றில் இப்போது பதினேழு ஸ்டிக்கர் இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழேயும் டிகிரி, நொடி, தேதி எழுதியிருக்கிறேன்.